“மாமா, இப்ப உங்க டர்ன் இல்ல”: சண்டை கேம்களில் ஃபிரேம் என்பது என்ன?

போன தசரா லீவில் அக்கா மகன் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். பெங்களூருக்குள்ளேயே, விவேக் நகரிலிருந்து முருகேஷ்பாளையாவுக்கு வர ஒரே ஒரு பை. அதில் துணிகளுக்கு நடுவே, கண்ணாடிப் பாத்திரத்தைச் சுற்றுவது போல டவலில் சுற்றிய ஒரு கண்ட்ரோலர். வயது 14. முதல் நாள் ராத்திரி, குக்கர் விசில் அடங்குவதற்குள் என்னை 11 தடவை தோற்கடித்துவிட்டான். பன்னிரண்டாவது ஆட்டத்தில் கோகு என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் பட்டன்களை இடித்துக்கொண்டிருந்தபோது, திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னான்: “மாமா, இப்ப உங்க டர்ன் இல்ல.”

சண்டையில் ஏதுடா டர்ன்? இது என்ன கேரம் போர்டா, நீ ஒரு காய் நான் ஒரு காய் என்று ஆட? அன்றைக்கு அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம்தான் சண்டை கேம்களின் அஸ்திவாரம் என்பது அந்த வாரம் முடிவதற்குள் விளங்கிவிட்டது. கண்ட்ரோலரைக் கையில் எடுத்து, இரண்டு நாள் அடி வாங்கி, “நமக்கு விரல் வேகம் போதாது” என்று வைத்துவிட்டவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

நாங்கள் ஆடியது டிராகன் பால் ஃபைட்டர்ஸ். (கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் இசட் போட்டு எழுதுவார்கள், தொடரின் நினைவாக.) ஜப்பானின் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் உருவாக்க, பாண்டாய் நாம்கோ 2018 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் கொண்ட அணி. அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வாராவாரம் வரைந்த டிராகன் பால் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்), அதிலிருந்து வந்த அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்), அதிலிருந்து இந்த கேம். நான் 2000-களின் தொடக்கத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் அந்த அனிமேயைப் பார்த்து வளர்ந்தவன். என் பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அனிமேயில் ஒரு மரியாதை உண்டு. கோகு இடுப்போரம் இரண்டு கைகளையும் குவித்து “கா... மே...” என்று இழுக்க ஆரம்பித்தால், எதிரில் இருப்பவன் எவ்வளவு பெரிய வில்லனாக இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். நாமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன பிறகு அந்தச் சண்டை எத்தனை எபிசோடு ஓடியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே நினைப்பில் நானும் கேமில் எதிரியின் மூக்குக்கு நேராக நின்றுகொண்டு காமேஹாமேஹா என்ற அந்த ஒளிக்கற்றையை விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மகன் ஆடிய பாத்திரமான வெஜிட்டா வாய் பிளக்கவில்லை. தடுத்தான். என் கோகு கையை நீட்டியபடியே இருக்க, நிதானமாக வந்து அடித்தான். ஒவ்வொரு தடவையும்.

ஏன் அப்படி? இங்கேதான் ஃபிரேம் வருகிறது.

இந்த கேம் ஒரு செகண்டுக்கு 60 படங்களைக் காட்டுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமின் ஆயுள் சுமார் 16.67 மில்லிசெகண்ட். படம் மட்டுமல்ல, கேமின் கணக்கும் இந்த அளவில்தான் நடக்கிறது. நீங்கள் பட்டனை அமுக்கினீர்களா, கை எதிரி மேல் பட்டதா, அவன் தடுத்தானா, எல்லாவற்றையும் கேம் ஃபிரேமுக்கு ஒரு தடவை கேட்டுத் தீர்ப்பு சொல்கிறது. கடிகாரத்துக்கு செகண்ட் எப்படியோ, சண்டை கேமுக்கு ஃபிரேம் அப்படி. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் என்று எந்தச் சண்டை கேமைப் பேசுபவர்களும் இந்த அளவையில்தான் பேசுவார்கள்.

ஒரு அடியை எடுத்துக்கொள்வோம். சிலம்பம் பார்த்தவர்களுக்கு இது சுலபம். கம்பை ஓங்கி வீசும்போது, கம்பு கிளம்பி எதிராளியை எட்டுவதற்கு ஒரு நேரம் ஆகும். எட்டிய இடத்தில், பட்டால் வலிக்கும் ஒரு சின்ன நேரம். அப்புறம் வீசிய வேகத்தில் கம்பு தாண்டிப் போய், மறுபடி காப்பு நிலைக்குத் திரும்ப ஒரு நேரம். கேமில் முதலாவதை ஸ்டார்ட்அப் என்றும், இரண்டாவதை ஆக்டிவ் என்றும், மூன்றாவதை ரெக்கவரி என்றும் சொல்கிறார்கள். இந்த மூன்றும் முடியும்வரை உங்கள் ஆள் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டான். பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் சரி. பெங்களூரில் எதற்கும் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) சொல்லிச் சமாளித்துவிடலாம். ரெக்கவரியிடம் அது செல்லாது.

லைட், மீடியம், ஹெவி என்று இந்த கேமில் அடிகள் உண்டு. லைட் அடி சீக்கிரம் கிளம்பும். பெரும்பாலான பாத்திரங்களுக்கு நின்றபடி அடிக்கும் லைட் 6 ஃபிரேமில் எட்டிவிடும், அதாவது ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. ஹெவி மெதுவாகக் கிளம்பும், ஆனால் வாங்கினால் வலிக்கும். காமேஹாமேஹா மாதிரி ஒளிக்கற்றைகளுக்கு முன்னாலும் நேரம், பின்னாலும் நேரம். தூரத்திலிருந்து விட்டால் எதிராளி வந்து சேர்வதற்குள் நீங்கள் மீண்டுவிடலாம். மூக்குக்கு நேராக விட்டால், என் கதைதான்.

சரி, டர்ன் எங்கிருந்து வருகிறது?

அடி வாங்குபவனுக்கும் ஒரு நேரம் உண்டு. உங்கள் அடி அவன் மேல் பட்டால் அவன் சில ஃபிரேம்கள் தள்ளாடுவான். அவன் தடுத்தாலும், தடுத்த கை அதிர்ந்து சில ஃபிரேம்கள் அப்படியே நிற்பான். அந்த நேரத்தில் அவனால் எதுவும் செய்ய முடியாது. ஆக ஒரு அடி தடுக்கப்பட்ட பிறகு இரண்டு பேருமே சிறிது நேரம் உறைந்து நிற்கிறீர்கள், நீங்கள் ரெக்கவரியில், அவன் தடுத்த அதிர்ச்சியில். யார் முதலில் விடுபடுகிறார்களோ அவர் முறை.

டிரினிட்டி சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்தில் இன்னொரு பைக். நீங்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டீர்கள், அவர் அணைக்கவில்லை. பச்சை விழுந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் விழுந்தது. நீங்கள் ரேஸ் பைக்கே வைத்திருந்தாலும், செல்ஃப் ஸ்டார்ட் அமுக்கி, கியர் போட்டு, கிளம்புவதற்குள் அவர் ரோட்டின் பாதியைத் தாண்டியிருப்பார். பின்னால் இருந்து பத்து ஹார்ன் வேறு. இங்கே யார் கெட்டிக்கார ஓட்டுநர் என்ற கேள்வியே எழவில்லை. பச்சை விழும்போதே ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

முன்னால் இருப்பவரை பிளஸ் என்றும், பின்னால் இருப்பவரை மைனஸ் என்றும் சொல்வார்கள். உங்கள் அடி தடுக்கப்பட்ட பிறகு நீங்கள் எதிராளியைவிட 4 ஃபிரேம் தாமதமாக விடுபட்டால், அந்த அடி “பிளாக்கில் மைனஸ் 4”. 2 ஃபிரேம் முன்னதாக விடுபட்டால் “பிளஸ் 2”. அவ்வளவுதான் கணக்கு. எல்கேஜி கழித்தல்.

இந்தச் சின்னக் கழித்தல் சண்டையை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நான் மைனஸ் 4 அடி ஒன்றை அடித்தேன், அவன் தடுத்தான். இப்போது இருவரும் 6 ஃபிரேம் லைட்டை அமுக்குகிறோம். அவன் அடி 6 ஃபிரேமில் என்னை எட்டும். என் அடியோ, 4 ஃபிரேம் உறைந்திருந்து, அதற்குப் பிறகு 6, மொத்தம் 10. என் கை பாதி வழியில் இருக்கும்போதே அவன் குத்து என் தாடையில். நான் உலகத்திலேயே வேகமான விரல்காரனாக இருந்தாலும் இதே முடிவுதான். இதைத்தான் அவன் “உங்க டர்ன் இல்ல” என்றான். அந்த இடத்தில் நான் பட்டனிலிருந்து விரலை எடுத்து, பின்பக்கம் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும்.

அதே அடி மைனஸ் 8 என்றால் நிலைமை இன்னும் மோசம். நான் 8 ஃபிரேம் உறைந்திருக்கிறேன், அவனுக்கு 6 போதும். தடுக்கக்கூட எனக்கு வாய்ப்பில்லை, அடி நிச்சயம். இதற்குப் பெயர் பனிஷ். மைனஸ் 4-க்கும் மைனஸ் 8-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு செகண்டில் பதினைந்தில் ஒரு பங்கு. முன்னதில் முறை மட்டும் போகிறது. பின்னதில் மூன்று பேரில் ஒருவனின் பாதி உயிர் போகிறது, ஏனென்றால் அந்த ஒரு லைட்டிலிருந்து இந்தக் கேமில் ஒரு முழு காம்போ, அதாவது தப்பிக்க விடாமல் தொடரும் அடிகளின் வரிசை, கிளம்பும்.

புதிதாக வருபவர்கள் தோற்பதில் முக்கால்வாசி இதனால்தான் என்பது என் அபிப்பிராயம். காம்போ தெரியாததால் இல்லை. லைட் பட்டனை மட்டும் திரும்பத் திரும்ப அமுக்கினாலே இந்த கேமில் ஆட்டோ காம்போ என்று பார்க்க அழகாக ஒன்று வந்துவிடும், அதில் குறையில்லை. குறை எங்கே என்றால், எதிராளி தடுத்துக்கொண்டிருந்தாலும் நாம் அமுக்கிக்கொண்டே இருப்போம். நாம் எந்த அடியில் நிற்கப்போகிறோம் என்பது அவனுக்கு மனப்பாடம். நமக்கு மட்டும்தான் தெரியாது.

“அப்போ எல்லா அடிக்கும் நம்பர் மனப்பாடம் பண்ணணுமாடா?” என்று கேட்டேன். வாய்ப்பாடு படித்த பயம் இன்னும் போகவில்லை. டஸ்ட்லூப் என்ற ரசிகர்களின் விக்கியில் ஒவ்வொரு பாத்திரத்தின் ஒவ்வொரு அடிக்கும் அட்டவணை இருக்கிறது. அதை அவன் படிப்பதே இல்லை என்றான். அவன் செய்வது வேறு. டிரெய்னிங் மோடில் எதிரில் நிற்கும் பொம்மைக்கு ஒரு அடியைப் பதிவுசெய்து கொடுக்கலாம், அது அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். தன்னைத் தொந்தரவு செய்யும் அடி எதுவோ அதைப் பதிவுசெய்வான். தடுப்பான். தடுத்த உடனே லைட். பட்டால், அங்கே அவன் முறை. படாமல் பொம்மை தடுத்துவிட்டால், பனிஷ் இல்லை, ஆனாலும் முறை அவனுக்கு வந்திருக்கலாம். தானே அடி வாங்கினால், அமுக்கக்கூடாத இடம். எண் எதுவும் வேண்டாம், மூன்று பதில்கள் போதும். நானும் அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு வெஜிட்டாவின் இரண்டே இரண்டு அடிகளைப் பதிவுசெய்து அரை மணி நேரம் தடுத்துப் பார்த்தேன். மறுநாள் ஒரு ஆட்டம் ஜெயித்தேன். (அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “பையன்கிட்ட ஜெயிச்சதுக்கா போன்?” என்றாள்.)

கண்ணை நம்பி ஆடலாமே என்று தோன்றும். ஒரு அளவுக்குத்தான் முடியும். ஒன்றைப் பார்த்து, புரிந்து, விரல் அசைய நமக்கு ஏறக்குறைய கால் செகண்ட் ஆகும், அது 15 ஃபிரேம். 6 ஃபிரேம் லைட்டை “பார்த்துத் தடுத்தேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருவதற்கு முன்பே தடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மெதுவானவற்றைப் பார்த்துச் செய்யலாம். சூப்பர் டேஷ் என்று ஒன்று உண்டு, எதிராளி எங்கிருந்தாலும் ஒளி வேகத்தில் உங்களை நோக்கிப் பறந்து வருவான், அனிமேயில் வருவது போலவே. முதல் வாரம் எல்லாரையும் அழவைப்பது இதுதான். ஆனால் அது கிளம்புவதும் பறந்து வருவதும் கண்ணுக்குத் தெரியும். கீழே பிடித்துக்கொண்டு ஹெவி அமுக்கினால் உங்கள் ஆள் மேல்நோக்கிக் குத்துவான். அந்தக் குத்தின் சில ஃபிரேம்களில் மேலிருந்து வரும் அடி அவன் மேல் படவே படாது. பறந்து வந்தவன் குத்தில் வந்து விழுவான். அதற்காக அதையே சும்மா சும்மா குத்திக்கொண்டிருக்கக் கூடாது. காற்றில் வீணானால் ரெக்கவரி நீளம், என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

கண்ணை ஏமாற்றும் இன்னொரு சங்கதியும் இதில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் தெரிவது கையால் வரைந்த அனிமே போல இருந்தாலும், உள்ளே இருப்பவை முப்பரிமாண உருவங்கள். கேம் 60 ஃபிரேமில் ஓடுகிறது. ஆனால் அந்த உருவங்களை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வழவழவென்று அசையவிட்டால் பொம்மலாட்டம் போல இருக்கும், அனிமே போல இருக்காது. ஏனென்றால் அனிமே செகண்டுக்கு 24 ஃபிரேம், அதிலும் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃபிரேம்களுக்கு அப்படியே நிறுத்திக் காட்டுவார்கள். அதனால் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் ஆட்கள் வேண்டுமென்றே ஒவ்வொரு நிலையையும் சில ஃபிரேம்கள் உறையவைத்து, டக்கென்று அடுத்ததற்குத் தாவவைக்கிறார்கள். அடி விழும் நொடியில் இரு பக்கமும் சற்று உறையும், குத்துக்குக் கனம் வருவது அதனால்தான். அந்தச் சின்ன உறைவில்தான் தேர்ந்தவர்கள் “பட்டதா, தடுத்தானா” என்று பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார்கள். நான் இவ்வளவு நாள் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் அடி தாமதமாக வருகிறதா? டிவியைப் பாருங்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி சில ஃபிரேம்களைத் தின்னும். செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். ஆன்லைனில் ஆடினால் நெட். 100 மில்லிசெகண்ட் என்பது 6 ஃபிரேம், ஒரு லைட் அடியின் முழு ஸ்டார்ட்அப். எங்கள் வீட்டு நெட்காரர் மழை பெய்தால் ஒரு வேகம், பெய்யாவிட்டால் ஒரு வேகம் தருபவர். வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போட்ட பிறகுதான் ஆட முடிந்தது. இந்த கேமுக்கு 2024-ல் ரோல்பேக் என்ற வசதி வந்தது. முன்பு எதிராளியின் தகவல் வந்து சேரும்வரை உங்கள் பட்டனையும் காக்கவைப்பார்கள். ரோல்பேக்கில் அவன் என்ன செய்திருப்பான் என்று கேம் ஊகித்து ஓடவிட்டு, ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். சில சமயம் ஆள் சட்டென்று இடம் மாறித் தெரிவது அதனால்தான்.

மைனஸ் அடியைக்கூடத் தைரியமாக அடிக்க ஒரு வழி இருக்கிறது. அணியில் மற்ற இரண்டு பேர் சும்மா நிற்பதில்லை. அசிஸ்ட் பட்டனை அமுக்கினால் ஒருவர் பாய்ந்து வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போவார். உங்கள் மைனஸ் அடி முடியும் நேரத்தில் அவருடைய அடியை எதிராளி தடுத்துக்கொண்டிருந்தால், அவன் இன்னும் உறைந்திருக்கிறான், நீங்கள் விடுபட்டுவிட்டீர்கள். மைனஸ் பிளஸ் ஆகிவிட்டது. பச்சை விழும் நேரம் பார்த்து உங்கள் தம்பி போய் பக்கத்து பைக் ஓட்டுபவரிடம் அட்ரஸ் கேட்பது மாதிரி.

இவ்வளவும் புரிந்த பிறகு ஒரு வேலை செய்து பாருங்கள். 2018 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டியில் இந்த கேமின் இறுதிச் சுற்று, அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸும் ஜப்பானின் GO1 என்ற ஆட்டக்காரரும் மோதியது. சோனிக்ஃபாக்ஸ் ஜெயித்தார். வீடியோவைப் போட்டு, காம்போக்களை விட்டுவிடுங்கள், ஒருவர் தடுத்துக்கொண்டிருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள். ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். “இப்ப யார் டர்ன்?” என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேன், அக்கா மகன் சோபாவில் படுத்துக்கொண்டு திருத்திக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று கடைசியாக ஒரு ஆட்டம். நான் தெளிவாகிவிட்டேன். அவன் முறையில் தடுத்தேன், என் முறை வரும்வரை தடுத்தேன், வந்ததா என்று சந்தேகம் வந்தபோதும் தடுத்தேன். அவன் வெஜிட்டா இரண்டு லைட் அடித்து, நின்றான். நான் தடுத்துக்கொண்டே இருந்தேன். சாவகாசமாக நடந்து வந்து லைட்டையும் மீடியத்தையும் சேர்த்து அமுக்கினான். டிராகன் ரஷ். தடுப்பை உடைத்து, கோகுவைச் சரமாரியாகக் குத்தி மேலே எறிந்தான்.

“இது என்னடா, என் டர்ன் இல்லைன்னுதானே தடுத்தேன்?”

“தடுத்துக்கிட்டே உக்காந்தா தூக்கிருவாங்க மாமா. நீங்களும் அதே ரெண்டு பட்டன அமுக்கினா விடுபடலாம். தீபாவளிக்கு வரும்போது சொல்லித் தர்றேன்,” என்று கண்ட்ரோலரை டவலில் சுற்றிப் பையில் வைத்தான்.